மூன்றா, எட்டா? விண்டேஜ் காரின் சேசிஸ் எண் சிக்கல்

கேள்வி: காலஞ்சென்ற என் தந்தையின் 1952ஆம் ஆண்டு எம்ஜி டிடி என்ற பிரிட்டிஷ் காரை ஒரு பட்டறையில் விட்டு ஒன்றரை ஆண்டு செலவழித்துப் புதுப்பித்தேன். ஃபயர்வாலில் (எஞ்சின் அறையைப் பிரிக்கும் தடுப்பில்) இருந்த பழைய எண் தகடு விரிசல் விட்டிருந்ததால் அதைக் கழற்றிவிட்டு, அதே மாதிரி புதிய தகடு செய்து ரிவெட் அடித்திருக்கிறார்கள். வண்டியின் அடிச்சட்டத்தில் துரு அரித்திருந்த சேசிஸ் எண்ணையும் தேய்த்துவிட்டுப் புதிதாகக் குத்தியிருக்கிறார்கள். விண்டேஜ் பதிவுக்குக் கொண்டுபோனபோது ஆய்வாளர் பென்சில் பிரிண்ட் எடுத்துப் பார்த்து, ஆர்சியில் (பதிவுச் சான்றில்) 3 இருக்கும் இடத்தில் வண்டியில் 8 இருக்கிறது என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். பட்டறைக்காரர் 'அப்படித்தான் தெரிந்தது' என்று அலட்சியமாகப் பேசுகிறார். காரை வாங்க ஒருவர் முன்பணம் கொடுத்திருக்கிறார். என் அண்ணனோ இப்போது பங்கு கேட்கிறார். பட்டறைக்காரர் மீது போலீசில் புகார் கொடுத்து அவரை உள்ளே தள்ள வேண்டும். எப்படி எழுதுவது?

பதில்: உங்கள் கடிதத்தில் தந்தையின் நினைவு, பட்டறைக்காரரின் திமிர், அண்ணனின் பேராசை எல்லாம் விரிவாக இருக்கின்றன. அவற்றில் எதையும் பதிவு அலுவலர் படிக்கப் போவதில்லை. அவர் பார்க்கப் போவது ஓர் இலக்கத்தை மட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 55ஆவது பிரிவின் 5ஆம் உட்பிரிவு, வண்டியில் பொறித்துள்ள எஞ்சின் எண்ணோ சேசிஸ் எண்ணோ பதிவுச் சான்றில் உள்ள எண்ணிலிருந்து வேறுபட்டால், உரிமையாளருக்கு விளக்கமளிக்க வாய்ப்புக் கொடுத்து, காரணத்தை எழுத்தில் பதிந்து, பதிவை ரத்து செய்யச் சொல்கிறது. எண்ணை மாற்றியவர் யார், வேண்டுமென்று மாற்றினாரா, கண் தெரியாமல் மாற்றினாரா என்ற கேள்விகளை அந்த உட்பிரிவு எழுப்பவே இல்லை. வேறுபாடு இருக்கிறதா என்பது மட்டுமே அங்கே கேள்வி.

பழைய கார் பிரியர்கள் பலரும் தகட்டைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். தகடு இரண்டாம்பட்சம். ரிவெட்டால் பிடித்திருக்கும் எதையும் கழற்றலாம், மாட்டலாம் என்பது ஆய்வாளருக்கும் தெரியும், ஆகவே அவர் குனிந்து சேசிஸ் இரும்பில் குத்திய எண்ணின் மீதுதான் தாளை வைத்துப் பென்சிலைத் தேய்க்கிறார். இன்று நாம் பார்க்கும் 17 இலக்க எண் 1980களில்தான் பரவலாக நிலைபெற்றது. அதில் ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துகளை ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பாமல் இருப்பதற்காகவே விலக்கி வைத்திருக்கிறார்கள். 1952இல் அப்படிப்பட்ட பாதுகாப்பு எதுவும் இல்லை. உங்கள் வண்டியில் இருப்பது டிடி என்ற முன்னொட்டும் அதன் பின் சில இலக்கங்களும்தான். துரு தின்ற ஒரு 3ஐ 8 என்று வாசிப்பது அந்தப் பட்டறையின் கண்டுபிடிப்பு அல்ல. நான் பார்த்த இத்தகைய வழக்குகளில் சிக்கலைக் கிளப்பியவை பெரும்பாலும் 3, 6, 8 ஆகிய மூன்று இலக்கங்களே.

அதற்காகத் தகட்டை ஒதுக்கிவிடவும் கூடாது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலேயே, உலோகத் தகட்டில் பொறித்த எழுத்து ஓர் ஆவணம் என்று எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அதன் இடத்தில் வந்த பாரதிய சாட்சிய அதிநியமும் அந்த எடுத்துக்காட்டை அப்படியே வைத்துக்கொண்டது. ஆகவே உங்கள் ஃபயர்வாலில் பளபளக்கும் அந்தப் புதிய அலுமினியத் துண்டும் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆவணம். ஏமாற்றும் நோக்கமோ நேர்மையற்ற நோக்கமோ இன்றிச் செய்த மறுபதிப்பு பொய்யாவணம் ஆகாது. அதையே 'அசல் தகடு' என்று ஒருவரிடம் காட்டி விலை பேசினால், அந்தக் கணத்தில் நிலைமை மாறிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் உங்களை நினைத்து எனக்கு உண்மையான கவலை. ஆய்வாளரின் குறிப்பைப் படிக்கும் வரை நீங்கள் எதுவும் அறியாத உரிமையாளர். படித்த நாளிலிருந்து அறிந்தவர். அந்தத் தேதி அலுவலகக் கோப்பிலும் இருக்கிறது. அதற்குப் பிறகு வண்டியை 'எல்லா எண்களும் அசல்' என்று சொல்லி விற்றால், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவின் 4ஆம் உட்பிரிவின்படி ஏமாற்றுதலுக்கு ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு; பட்டறைக்காரருக்காக நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் பிரிவு உங்கள் மீதே வந்து விழும். ஆகவே வாங்க வந்தவருக்கு முன்பணத்தை வங்கி வழியாக இந்த வாரமே திருப்பிக் கொடுங்கள். எண் வேறுபாடு காரணமாக விற்பனையை நிறுத்துவதாக ஒரு வரி எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர் 'பரவாயில்லை, அப்படியே எடுத்துக்கொள்கிறேன்' என்று சொன்னாலும் கொடுக்காதீர்கள். அவர் அடுத்தவருக்கு விற்கும்போது அந்த மூன்றாம் மனிதர் உங்களையும் சேர்த்துத்தான் தேடுவார்.

அடுத்தது, இத்தகைய வழக்குகளில் நான் மீண்டும் மீண்டும் பார்க்கும் படுகுழி. ஓர் இலக்கம்தானே தவறு, அதைச் சரியாகக் குத்திவிட்டால் முடிந்தது என்று பட்டறைக்காரர் சொல்வார். உங்களிடம் ஏற்கெனவே சொல்லியும் இருப்பார். என்னிடம் வந்த ஒருவர் அந்த யோசனையைக் கேட்டு, தவறான இலக்கத்தின் மீது வெல்டிங் வைத்து நிரப்பி, கிரைண்டரால் சமப்படுத்தி, சரியான இலக்கத்தைக் குத்தி, பெயின்ட் அடித்துக் கொண்டுபோனார். முந்தைய பிரிண்ட் கோப்பிலேயே இருக்கிறது என்பது அவருக்குத் தோன்றவில்லை. வண்டி தடய அறிவியல் ஆய்வுக்குப் போயிற்று. இரும்பில் எண்ணைக் குத்தும்போது அடி மேற்பரப்போடு நிற்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் பள்ளத்துக்குக் கீழேயும் உலோகத்தின் உள்ளமைப்பு நசுங்கிவிடுகிறது. மேலே எவ்வளவு தேய்த்தாலும், அந்த ஆழம் வரை தேய்க்காதவரை, காப்பர் குளோரைடு கலந்த அமிலத்தைத் தடவினால் நசுங்கிய பகுதியும் நசுங்காத பகுதியும் வெவ்வேறு விதமாக அரிக்கப்பட்டு, மறைந்த இலக்கம் மங்கலாக மேலே வருகிறது. அந்த வண்டியில் வெல்டிங் வைத்த இடத்தைச் சுற்றி இரண்டு தலைமுறை எண்களின் மிச்சம் தெரிந்தது. அதன் பிறகு 'தவறுதலாக நேர்ந்தது' என்ற வாதத்தை நான் எந்த முகத்தோடு எடுத்து வைப்பது?

அந்த வண்டி காவல் நிலைய வளாகத்தில் இரண்டு மழைக்காலம் நின்றது. வழக்கு முடியும் முன் இடைக்காலப் பொறுப்பில் வாங்குவதற்கு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497ஆவது பிரிவு இருக்கிறது. கைப்பற்றிய வாகனங்களை நீண்ட காலம் நிலையத்தில் போட்டு வைக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லியும் இருக்கிறது. ஆனால் வண்டியை யாரிடம் ஒப்படைப்பது என்பதற்கு நீதிமன்றம் பார்ப்பதும் ஆர்சியைத்தான். எண் பொருந்தாத ஆர்சியோடு அந்த மனுவைப் போட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். உங்கள் எம்ஜியின் உடல் தகரத்துக்கு உள்ளே மரச்சட்டம் இருக்கிறது. ஒரு பருவமழையை அது திறந்தவெளியில் நின்று தாங்காது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிட மோசமான யோசனையும் வரும். இதே மாடலில் உடைந்துபோன வண்டி ஒன்று ஆர்சியோடு கிடைக்கிறது, அதன் எண்ணை இதில் ஏற்றிவிடலாம் என்பார்கள். திருட்டு வண்டிகளைக் கைமாற்றுபவர்கள் செய்யும் வேலை அது. அந்தப் பேச்சு தொடங்கியதும் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி நீங்கள் கேட்ட புகாருக்கு வருகிறேன். கொடுக்காதீர்கள். புகார் பதிவானதும் முதலில் கைப்பற்றப்படும் பொருள் உங்கள் கார். பட்டறைக்காரர் குற்றம் சாட்டப்பட்டவர் ஆனதும், அரசமைப்புச் சட்டத்தின் 20ஆவது உறுப்பின் 3ஆம் உட்பிரிவு அவருக்கு வாய்மூடி இருக்கும் உரிமையைத் தருகிறது. எண் எப்போது, எந்த நிலையில் இருந்தது, எதற்காகத் தேய்க்கப்பட்டது, எட்டு எப்படி வந்தது என்பதை நேரில் அறிந்தவர் உலகத்தில் அவர் ஒருவரே. நீங்கள் சிறைக்கு அனுப்ப விரும்பும் அந்த மனிதர்தான் உங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி. அவரை வாய் திறக்காதவராக ஆக்கிவிட்டுப் பதிவு அலுவலர் முன் எதை வைத்து விளக்கமளிப்பீர்கள்?

ஆகவே சமாதானமாகப் போங்கள். மீதிக் கூலி ஏதாவது பாக்கி இருந்தால் பெருந்தன்மையாக முடித்துவிடுங்கள். அவர் உங்களுக்குத் தர வேண்டியது இருந்தால் பாதிக்கு ஒத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக அவரிடமிருந்து வாங்க வேண்டியது நோட்டரி முன் கையெழுத்திட்ட ஒரு பிரமாணப் பத்திரம். வண்டி பட்டறைக்கு வந்த தேதி, சாண்ட் பிளாஸ்டிங் (மணலைப் பீய்ச்சித் துரு நீக்குதல்) செய்வதற்கு முன் எண் எப்படி இருந்தது, எந்தெந்த இலக்கம் தெளிவில்லாமல் இருந்தது, குத்தியது யார், உங்களைக் கேட்டாரா என்பதெல்லாம் அவருடைய சொற்களிலேயே அதில் இருக்க வேண்டும். வழக்கறிஞர் நடையில் அழகாக எழுதிக் கொடுக்காதீர்கள். எந்த அதிகாரியும் அதை நம்புவதில்லை. வேலை நடக்கும்போது கைப்பேசியில் எடுத்த படங்கள் அவரிடம் கட்டாயம் இருக்கும், அவற்றை அசல் கோப்பாகவே வாங்குங்கள். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் 'குற்றப் புகார் கொடுக்க மாட்டேன்' என்ற வாசகத்தைச் சேர்க்காதீர்கள். குற்ற நடவடிக்கையைத் தடுப்பதற்கு விலை பேசும் ஒப்பந்தம், ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி செல்லாது. செல்லாமல் போவது மட்டுமல்ல, பணம் கொடுத்து வாயடைத்ததாகவும் படிக்கப்படும். கணக்குத் தீர்வு என்று மட்டும் எழுதினால் போதும். அவர் பத்திரம் தர மறுத்தால், சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தை அணுக இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. அது எங்கும் ஓடிவிடாது.

இதற்கிடையில், ஆர்சியில் இருக்கும் 3 சரிதானா என்பதையும் பாருங்கள். இதை யாரும் பார்ப்பதில்லை. உங்கள் வண்டி பழைய 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், கையால் எழுதிய பதிவேட்டில் ஏறியது. பிறகு புத்தகம் மாறியது, கணினி வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு குமாஸ்தா பழையதைப் பார்த்துப் புதியதில் எழுதியிருக்கிறார். பட்டறைக்காரர் உண்மையிலேயே எட்டைப் பார்த்திருக்கவும் கூடும். முதலில் பதிவான அலுவலகத்தில் பி ரிஜிஸ்டர் எக்ஸ்ட்ராக்ட் (வண்டியின் பதிவேட்டு நகல்) கேட்டு வாங்குங்கள். தந்தையின் பழைய இன்சூரன்ஸ் கோப்பில் பென்சில் பிரிண்ட் ஒட்டியிருந்தால் அதைவிடச் சிறந்த சான்று இல்லை. இங்கிலாந்தின் கேடன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம், பல பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு உற்பத்திப் பதிவேட்டிலிருந்து சேசிஸ் எண், எஞ்சின் எண், தயாரித்த தேதி ஆகியவற்றை எடுத்துச் சான்றிதழாகத் தருகிறது. உங்கள் எண்ணை மூன்றோடு ஒருமுறை, எட்டோடு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தந்தையின் எஞ்சின் எண் எந்தச் சேசிஸோடு சேர்ந்திருக்கிறது என்பதிலேயே விடை தெரிந்துவிடக் கூடும்.

இவை கைக்கு வந்த பின், பதிவு அலுவலர் நோட்டீஸ் அனுப்பும் வரை காத்திருக்காமல் நீங்களே மனு கொடுங்கள். எண்ணைத் திருத்திவிட்டேன் என்று அல்ல. எப்படித் திருத்துவது என்று எழுத்துப்பூர்வ உத்தரவு கேட்டு. உத்தரவு வரும் வரை எந்த உளியும் அந்த இரும்பைத் தொடக் கூடாது. மனுவில் பெருமை பேசாதீர்கள். எனக்கு எழுதிய கடிதத்தில் 'சேசிஸையே புதிதாக்கிவிட்டார்கள்' என்று ஒரு வரி இருக்கிறது. 2021இல் வந்த விண்டேஜ் விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அசல் வடிவில் பேணப்பட்டு, சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் பொருந்தும். துரு நீக்கினார்கள் என்றால் துரு நீக்கினார்கள் என்றும், ஓரிடத்தில் ஒட்டு வைத்தார்கள் என்றால் எந்த இடத்தில், எத்தனை அங்குலம் என்றும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். ரத்து உத்தரவே வந்துவிட்டால், 57ஆவது பிரிவின்படி 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

அண்ணன் விஷயம் வாரிசுரிமை. ஆர்சியை உங்கள் பெயருக்கு மாற்றியபோது அவர் ஒப்புதல் கொடுத்திருந்தால் அந்தத் தாளைத் தேடி வையுங்கள், கொடுக்கவில்லை என்றால் அவரோடும் பேசித் தீருங்கள். எண் தீராத காருக்குப் பங்கு பிரிப்பதில் இருவருக்குமே லாபமில்லை.

கடைசியாக, பட்டறைக்காரர் பழைய தகட்டை எறிந்துவிட்டதாகச் சொன்னால் உடனே நம்பாதீர்கள். டிங்கரிங் வேலை செய்பவர்கள் எளிதில் எதையும் எறிவதில்லை. போல்ட் டப்பாவிலும் பெஞ்சின் இழுப்பறையிலும் தேடச் சொல்லுங்கள். விரிசல் விட்ட அந்தத் துண்டு கிடைத்தால் துடைக்காதீர்கள், பாலிஷ் போடாதீர்கள்; ரிவெட் துளைகளில் பழைய பெயின்ட் ஒட்டியிருக்கும், அது அப்படியே இருக்கட்டும். இருபுறமும் படம் எடுத்து, உறையில் போட்டு, வாங்கிய தேதியை உறையின் மேல் எழுதி, மனுவோடு கொண்டுபோங்கள். அலுவலகத்தில் காட்டுங்கள், ஆனால் ஒப்புகை வாங்காமல் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.