மெனு எழுதத் தெரிந்த பிள்ளைக்கும் வேலை இருக்கிறது

வணக்கம் அம்மா,

உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்த மகன் பரந்தனில் மாமாவின் சாப்பாட்டுக் கடையே கதி என்று நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். "மேசை துடைக்கவா இவ்வளவும் படிப்பிச்சது" என்ற உங்கள் கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் கடிதத்தின் நடுவில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. மெனுவை மாற்றினால் வியாபாரம் கூடும் என்று தம்பி மாமாவோடு வாதாடுகிறாராம். அதைச் சின்னப் பிள்ளைப் பேச்சென்று தள்ளாதீர்கள்.

பரந்தன் வழியாக யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதிக் கடைகள் பலவற்றில் மெனு எப்படி இருக்கும்? லமினேட் பண்ணிய ஒரு தாள், அதில் ஐம்பது பெயர். விலைக்கு மேல் ஸ்டிக்கர், ஸ்டிக்கருக்கு மேல் பேனையால் வெட்டி எழுதிய புது விலை. நாசிகோரிங் கேட்டால் "முடிஞ்சுது", பிட்டு கேட்டால் "அது இரவுக்குத்தான்". கடைசியில் கொத்து ரொட்டியோடு ஆள் எழும்பிப் போய்விடுவார். அந்தக் கடையில் நல்ல கூழ் காய்ச்சுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடும்.

மெனுவைக் கணக்காகப் பார்க்கும் முறையை 1982இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கசவானாவும் ஸ்மித்தும் எழுதி வைத்தார்கள். ஒவ்வொரு சாப்பாட்டையும் பற்றி அவர்கள் கேட்டது இரண்டே கேள்விதான்: எத்தனை விற்கிறது, சாமான் செலவு போக ஒன்றில் எவ்வளவு மிஞ்சுகிறது? ஒரு கணக்குக்கு, கொத்து 700 ரூபாவுக்கு விற்று 520 ரூபா செலவென்றால் மிச்சம் 180. ஒடியல் கூழ், அதாவது பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற கடலுணவுக் கூழ், 600க்கு விற்று 300 செலவென்றால் மிச்சம் 300. கொத்து நூறு போகிற நாளில் கூழ் ஐந்துதான் போகிறதென்றால், கூழில் பிழையில்லை. மெனுவின் அடியில் "கூழ்" என்று ஒற்றைச் சொல்லாகக் கிடந்தால் அதை யார் கேட்பார்? மேலே கொண்டுவந்து, "முல்லைத்தீவு நந்திக்கடல் இறால், நண்டு, பயிற்றங்காய், பலாக்கொட்டை போட்ட ஒடியல் கூழ், மாலை 5 மணி முதல்" என்று எழுதிப் பார்க்கட்டும். ஓகஸ்டில் கனடாவிலிருந்து வருகிற குடும்பம் அதற்காகவே வாகனத்தை நிறுத்தும். இறால் வேறு இடத்திலிருந்து வந்த நாளில் மட்டும் நந்திக்கடல் என்று எழுதக் கூடாது. ஊர்ச் சனத்துக்கு நாக்கு உண்டு, ஒருமுறை ஏமாந்தால் திரும்பி வராது.

யாழ்ப்பாணம் போகிற சிங்களப் பயணிகளும் அதே வீதியால்தான் வருகிறார்கள். மூன்று மொழியிலும் பிழையில்லாமல் எழுதிய மெனு அவர்களைத் தயக்கமில்லாமல் உட்கார வைக்கும். விலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டொலர் குறி போடாமல் எண் மட்டும் அச்சிட்ட மெனுவைப் பார்த்தவர்கள் கூடுதலாகச் செலவழித்தார்கள் என்று 2009இல் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று சொன்னது. ஒரு அமெரிக்க உணவகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தது அது. ஆனால் பரந்தனில் விலை தெளிவாகத் தெரிவதுதான் நம்பிக்கை தரும். 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் விலையைக் காட்சிப்படுத்தச் சொல்கிறது.

இதற்கெல்லாம் கணக்கீடு வேண்டும், வணிகக் கல்வி வேண்டும், எழுத்து வேண்டும். தம்பி படித்தது வீணாகப் போகவில்லை, அம்மா.

சரி, படிப்பு? கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் உணவுத் தொழில்நுட்பம் இருக்கிறது. அங்கே தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு வெளியே வரலாம். ஹோட்டல் துறைதான் என்றால் இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகத்தின் அநுராதபுரக் கிளை இருக்கிறது. அதற்கு ஆங்கிலத்தை இப்போதே தொடங்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற Z புள்ளி கைகொடுத்தால் வவுனியாப் பல்கலைக்கழகத்தின் வணிகக் கற்கைகள் பீடமும் இருக்கிறது. வேலை நேரம் நீளம், பண்டிகைக்கு வீட்டில் இருக்கக் கிடைக்காது. இதைத் தம்பியிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நகையை அடகு வைத்துத் தனிக்கடை போட்டுக் கொடுக்க யோசிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இப்போது வேண்டாம். முதலில் மாமாவின் கடையில் ஒரு மாதம் ஒரு கொப்பி போடட்டும். எந்தச் சாப்பாடு எத்தனை போனது, ஒவ்வொன்றுக்கும் மரக்கறி, மீன், எண்ணெய், காஸ் என்று எவ்வளவு செலவு, "இல்லை" என்று சொல்லி அனுப்பியது எத்தனை பேரை. அப்புறம் மெனுவைப் பதினைந்து சாப்பாடாகக் குறைத்துப் புதிதாக எழுதி, அடுத்த மாதமும் அதே கொப்பியைத் தொடரட்டும். இரண்டு மாதக் கணக்கும் கையில் இருந்தால், எந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்பது என்பதை மூன்று பேருமாக இருந்து பேசலாம். கொப்பியோடு தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.