டிஎன்ஏ பரிசோதனையில் வந்த 3 சதவீத ஐபீரியாவை நம்பலாமா?

கேள்வி: திருகோணமலை பாலையூற்று எங்கள் ஊர். முடிவில் தென்னிந்தியா–இலங்கை 91, வங்காளம் 6, ஐபீரியா (ஸ்பெயின், போர்த்துக்கல் பகுதி) 3 சதவீதம் என்று வந்திருக்கிறது. அம்மம்மாவின் அம்மம்மா பறங்கியர் (இலங்கையில் ஐரோப்பியர் வழிவந்த கலப்பினத்தவர்) என்பார்கள். இது சரியா?

பதில்: 3 சரியாக இருக்க இடமுண்டு. ஆனால் 6 சதவீத வங்காளத்தைப் பூர்வீகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் எச்சிலில் உள்ள டிஎன்ஏவில் ஏறக்குறைய 6 இலட்சம் இடங்களைப் படித்து, அங்கே உள்ள எழுத்துகள் (ஏ, டி, சி, ஜி) எந்தெந்த ஒப்பீட்டுக் குழுக்களில் எவ்வளவு பரவலாக இருக்கின்றன என்று பார்க்கிறார்கள். எந்தக் கலவை அதிகம் பொருந்துகிறதோ அதுதான் சதவீதமாக வருகிறது. பட்டியலில் இல்லாத குழு விடையில் வரவே வராது. அதன் பங்கு பக்கத்துக் குழுவுக்குப் போய்விடும். பொதுவில் கிடைக்கும் 1000 ஜீனோம்ஸ் என்ற பன்னாட்டு டிஎன்ஏ தொகுப்பில் இலங்கைத் தமிழர் 102 பேர், அவர்களும் பிரித்தானியாவில் வாழ்ந்தவர்கள். மூதூர், நிலாவெளி என்று பிரித்துச் சொல்ல அதில் வழியே இல்லை. வங்காள மாதிரிகளில் கொஞ்சம் கிழக்காசியக் கலப்பும் உண்டு. ஆகவே தூரத்து மலாய் உறவு ஒன்று இருந்தாலும் அது 'வங்காளம்' என்ற பெயரில் வரலாம்.

இனி ஐபீரியா. அம்மம்மாவின் அம்மம்மாவிடமிருந்து சராசரியாக 6.25 சதவீதம் வரும். அவரே பாதிக் கலப்பு என்றால் உங்களுக்கு 3. கணக்கு ஒத்துப்போகிறது, ஆனால் அது மட்டும் போதாது. முடிவோடு வரும் குரோமோசோம் படத்தைத் திறந்து, ஐபீரியா என்று குறித்த துண்டுகளின் நீளத்தைப் பாருங்கள். போர்த்துக்கேயர் ஆட்சி 1658இல் முடிந்தது. 12, 13 தலைமுறை கடந்த துண்டு சராசரியாக 8 சென்டிமோர்கன் (டிஎன்ஏ துண்டின் நீளத்தை அளக்கும் அலகு) அளவில்தான் இருக்கும். 25, 30 என்று நீளமாக வந்தால் பெரும்பாலும் பிற்காலத்து ஐரோப்பியர் ஒருவர். 3, 4 அளவில் சிதறிக் கிடப்பவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம். தெற்காசியர் எல்லோரிடமும் உள்ள பழைய மேற்கு யூரேசியக் கூறு இப்படித்தான் தவறாக ஐரோப்பா என்று விழும்.

தாயிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ உள்ளூர் வகையாக வந்தால் மனம் தளராதீர்கள். வந்த போர்த்துக்கேயர் ஆண்கள். மணந்தது இங்குள்ள பெண்களை.

நிறுவனத்திலிருந்து இறக்கிய மூலக் கோப்பை வைத்து நீங்களே கணக்கிடுவதானால்: உங்கள் கோப்பும் ஒப்பீட்டுத் தொகுப்பும் இடங்களுக்கு எண் கொடுக்கும் ஒரே ஜீனோம் பதிப்பா (37 அல்லது 38) என்று முதலில் பாருங்கள். இது பிசகினால் இட எண்கள் மாறி எல்லாமே குப்பை. பிளிங்க் என்ற மென்பொருளில் ஏ–டி, சி–ஜி இடங்களை நீக்குங்கள், டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் எதைப் படித்தது என்று அவற்றில் தெரியாது. பிறகு 50, 10, 0.1 என்ற அளவுகளில் (ஒரு தடவைக்குப் பார்க்கும் இடங்கள், நகரும் இடங்கள், பிணைப்பின் வரம்பு) ஒன்றோடொன்று பிணைந்த இடங்களைக் குறைத்து, கலப்பு விகிதத்தைக் கணக்கிடும் அட்மிக்ஸ்சர் மென்பொருளில் ஓட்டுங்கள். ஒப்பீட்டில் ஸ்பெயின் மாதிரிகளோடு பஞ்சாப் மாதிரிகளையும் சேருங்கள். பஞ்சாப் இல்லாவிட்டால் ஐபீரியா வீங்கிவிடும்.

இவை எல்லாவற்றையும் விட உறுதியான வழி, அம்மாவையும் பரிசோதிப்பது. தாய்வழியில் வந்த துண்டு அதே இடத்தில் அவரிடமும் இருக்க வேண்டும். மொத்த அளவு ஏறக்குறைய இரட்டிப்பாக இருக்கும். இல்லையென்றால் அது அப்பா வழி, அல்லது வெறும் கணக்குப் பிசகு. மாதிரி கொடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு, தேநீர், வெற்றிலை எதுவும் கூடாது. குழாயில் உள்ள கோடு வரை எச்சில் நிற்க வேண்டும். மேலே நிற்கும் நுரை சேராது.