நீர்ப் பீய்ச்சல் இருந்தும் நாக்கிங் வருவது ஏன்?
வணக்கம். டர்போ இன்ஜினில் நீர்ப் பீய்ச்சல் (உள்ளே போகும் காற்றில் நீரைத் தெளிக்கும் அமைப்பு) பொருத்தி, இக்னிஷன் டைமிங்கை (ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரத்தை) ஒரேயடியாக 6 டிகிரி முன்தள்ளியும் இழுவை கூடவில்லை, 4000 ஆர்பிஎம் அருகே நாக்கிங் (எரிபொருள் கலவை தானாகவே தீப்பற்றி எழுப்பும் தட்டல் சத்தம்) கேட்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2260 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுவதால் சிலிண்டருக்குள் வெப்பம் தணிகிறது, எரிதலும் சற்று மெதுவாகிறது. டைமிங்கை முன்தள்ள இடம் கிடைப்பது இதனால்தான். ஆனால் டார்க் (இன்ஜினின் சுழற்று விசை) ஏறுவது நின்ற பிறகு கூட்டும் ஒவ்வொரு டிகிரியும் பிஸ்டனைத்தான் பதம் பார்க்கும். ஆகவே பழைய டைமிங்குக்கே திரும்பி, டைனோவில் (இன்ஜின் திறனை அளக்கும் கருவியில்) ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள். இடையிடையே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி லென்ஸில் பாருங்கள்: வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகளோ, மினுங்கும் அலுமினியத் துகள்களோ தெரிந்தால் உடனே 2 டிகிரி குறையுங்கள். நீர் தெளிக்கும் நாசில் அடைத்தாலோ நீர்த்தொட்டி காலியானாலோ ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தானாகவே பூஸ்டையும் (டர்போ தரும் காற்றழுத்தத்தையும்) டைமிங்கையும் இறக்கும் ஏற்பாட்டைச் செய்யும்வரை, தயவுசெய்து முழு பூஸ்டில் ஓட்டாதீர்கள்.