துன்பியல் நாடகமும் போரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிரேக்கத் துன்பியல் நாடகங்கள் போருக்கு எழுந்த எதிர்வினை என்று உங்கள் உரையொன்றில் கூறினீர்கள். ஊழையும் தெய்வங்களையும் பற்றியவையாகவே நான் அவற்றை வாசித்திருக்கிறேன். போர்தான் பொருள் என்றால், தம் காலத்துப் போரை விட்டுவிட்டு அவர்கள் பழைய ட்ராய் கதைக்குச் சென்றது ஏன்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தம் காலத்துப் பேரழிவை நேரடியாக மேடையேற்றியவர் ஒருவர் உண்டு. கி.மு. 494-இல் பாரசீகர்கள் மிலேட்டஸ் என்ற கிரேக்க நகரை அழித்தனர். அதை ஏதென்ஸ் நாடகாசிரியர் ஃப்ரினிகஸ் நாடகமாக்கியபோது அரங்கமே அழுதது என்றும், சொந்தத் துயரை நினைவூட்டியதற்காக ஏதென்ஸ் மக்கள் அவருக்கு 1000 டிராக்மா அபராதம் விதித்து, அந்நாடகத்தை இனி எவரும் நடிக்கலாகாது எனத் தடுத்தனர் என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். போரை மேடையில் காண்பதற்கு ஒரு தொலைவு தேவை என்பதைப் பின்வந்தவர்கள் இதிலிருந்து உணர்ந்திருக்க வேண்டும் என்றே எண்ணுகிறேன்.

துன்பியல் நாடகாசிரியர் ஈஸ்கிலஸ், பாரசீகரை எதிர்த்து மராத்தானில் போரிட்டவர்; அங்கே தம் சகோதரரை இழந்தவர். கிரேக்கர் பாரசீகரை வென்ற சலாமிஸ் கடற்போருக்கு எட்டாண்டுகள் கழித்து, 472-இல், அவர் அரங்கேற்றிய ‘பாரசீகர்கள்’ தோற்றவர்களின் தலைநகரான சூசாவில் நிகழ்கிறது. வென்ற கிரேக்கர் ஒருவரின் பெயர்கூட அதில் இல்லை. மாண்ட பாரசீகத் தளபதிகளின் பெயர்களோ அடுக்கடுக்காக வருகின்றன. எட்டாண்டுகளுக்கு முன் பாரசீகர் எரித்த அக்ரோபொலிஸ் என்னும் ஏதென்ஸின் கோட்டைக்குன்றின் சரிவில் அமர்ந்து, சலாமிஸில் துடுப்பு வலித்தவர்கள் எதிரி மன்னனின் தாய் கலங்குவதைப் பார்த்தனர். அந்த ஆண்டின் முதற்பரிசு ஈஸ்கிலஸுக்கே கிடைத்தது. இதை வெற்றிக் களிப்பின் நாடகம் என்போரும் உண்டு. அந்தத் தாயின் சொற்களை வாசித்தபின் என்னால் அதை ஏற்க இயலவில்லை.

மற்றொரு துன்பியல் நாடகாசிரியரான யூரிப்பிடிஸின் ‘ட்ராய் பெண்கள்’ 415-இன் வசந்தத்தில் அரங்கேறியது. அதற்குச் சற்று முன்புதான் ஏதென்ஸ் மெலோஸ் தீவின் ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கியிருந்தது. போட்டிக்கான நாடகங்கள் பல மாதங்களுக்கு முன்பே தேர்வாகிவிடும் என்பதால், மெலோஸை மனத்தில் வைத்தே அது எழுதப்பட்டது என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. ஆயினும் மாண்ட ட்ராய் வீரன் ஹெக்டரின் கேடயத்தில் கிடத்தப்பட்டு வரும் அவனுடைய சிறு மகனின் உடலைப் பார்த்தவர்களில், அத்தீர்ப்புக்கு வாக்களித்தவர்களும் அதை நிறைவேற்றியவர்களும் இருந்திருப்பார்கள்.

தெய்வங்களைக் குறிப்பிட்டிருந்தீர்கள். இந்நாடகத்தின் தொடக்கத்தைத் திரும்ப வாசித்துப் பாருங்கள்: வென்று ஊர் திரும்பும் கிரேக்கக் கப்பல்களைக் கடலில் அழிக்க அதீனாவும் பொசைடனும் உடன்படுகிறார்கள். அதைக் கேட்டிருந்த நகரம் அந்தக் கோடையிலேயே சிசிலிக்குப் பெரும் கப்பற்படையை அனுப்பியது. 413-இல் அப்படை முற்றாக அழிந்தது.