துணிக்கு ஏதுங்க பூட்டு? ஓபன் டாப் பழைய கார் வச்சிருக்கவங்க கேட்ட கேள்விகள்

பழைய ஓபன் டாப் வண்டி வச்சிருக்கவங்ககிட்டேர்ந்து வந்த கேள்விகள ஒண்ணா சேர்த்து பதில் சொல்லிடறேன், ஏன்னா முக்கால்வாசிப் பேரு கேக்குறது சுத்திச் சுத்தி ஒரே விஷயம்தான். யாராவது தூக்கிட்டு போயிடுவாங்களோ, யாராவது கிழிச்சு வச்சிடுவாங்களோ. ரெண்டும் நடக்குறதுதான்.

ஹெரால்ட் கன்வெர்டிபிள் இருக்கு, ரோட்டோரம்தான் பார்க்கிங். ஹுட்ட, அதாவது மேல மூடுற துணி டாப்ப, ஏத்தி கதவப் பூட்டிட்டு வர்றேன். போதுமா? – அண்ணாநகர்

போதாதுங்க. பூட்டுற கதவுக்கு மேல இருக்கறது ரெக்சின். ஒரு பிளேடு போதும், ரெண்டு நிமிஷம் கூட வேணாம். என்கிட்ட ஒரு வண்டி வந்துச்சு, டிரைவர் சைடுல ஒரு முழ நீளத்துக்கு கிழிச்சிருந்தான், எதுக்குன்னு கேட்டா சீட்ல கிடந்த ஒரு கூலிங் கிளாஸ் கவருக்கு, அதுவும் காலி கவரு. குஷன் கடைல புது ஹுட் தைக்க குடுத்துட்டு ஓனர் ரெண்டு மாசம் நடையா நடந்தாரு.

அதனால உள்ள ஒரு பொருளும் இருக்கக் கூடாது. சார்ஜர் ஒயர், சில்லறை, தண்ணி பாட்டில் எதுவுமே வேணாம், குளோவ் பாக்ஸ திறந்தே போட்டுட்டு போங்க, எட்டிப் பாக்கறவனுக்கு காலின்னு தெரியணும். சில பேரு "கதவ பூட்டாமலே விட்டா கிழிக்க மாட்டான்ல"ன்னு சொல்வாங்க. காம்பவுண்டுக்குள்ள, கேட் பூட்டுன இடத்துல நானும் அப்படித்தான் விடுவேன். ரோட்ல மட்டும் வேணாம். பாலிசிய எடுத்து படிச்சுப் பாருங்க, வண்டிய பாதுகாக்க நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுக்கணும்னு ஒரு கண்டிஷன் இருக்கும், நாளைக்கு வண்டி காணாம போனா சர்வேயர் கேக்குற முதல் கேள்வியே பூட்டுனீங்களாங்கறதுதான்.

ஹெரால்ட்ல இன்னொரு வம்பும் இருக்கு. அதோட பானட்டுக்கு உள்ளேர்ந்து இழுக்குற லிவர் கிடையாது. ரெண்டு பக்கமும் வெளியவே ஒரு கொக்கி, அத தூக்கிவிட்டா மூக்கு மொத்தமும் முன்னாடி சாஞ்சு எஞ்சின் அப்படியே தெரியும். டிசைன் பண்ணவங்க மெக்கானிக்குக்கு சவுகரியமா இருக்கட்டும்னு பண்ணிருக்காங்க, திருடனுக்கும் அதே சவுகரியம்தான். உள்ள ஸ்டார்ட்டருக்கு கரண்ட் விடுற சொலினாய்டு மேலயே ரப்பர் மூடி போட்ட ஒரு பட்டன் இருக்கும், அத அமுக்கினா சாவி இல்லாமலே எஞ்சின் சுத்தும். அதனால நீங்க முதல்ல பூட்ட வேண்டியது கதவ இல்ல, அந்த கொக்கிய. பூட்டு வச்ச கொக்கி கிடைச்சா மாட்டுங்க, இல்லன்னா ஒரு வெல்டர்கிட்ட போய் சின்ன பேட்லாக் போடுற மாதிரி ஒரு காது வச்சுக்கோங்க. பெயிண்ட் போயிடுமேன்னு யோசிப்பீங்க, வண்டியே போறதுக்கு இது தேவல.

எம்ஜிபி வச்சிருக்கேன், பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். திருடன் ஓட்டிட்டு போகாம தடுக்கற கில் சுவிட்ச் எங்க வச்சா நல்லது? – கோவை

டேஷ்போர்டுக்கு அடில மட்டும் வேணாம், எல்லாரும் அங்கதான் வைக்கறாங்க, எல்லாரும் அங்கதான் தேடுறாங்க.

எத கட் பண்றதுங்கறதுக்கு மூணு வழி இருக்கு. ஒண்ணு பேட்டரி ஐசொலேட்டர், மொத்த கரண்ட்டும் போயிடும், ஷார்ட் ஆகி தீப்பிடிக்கிற பயமும் குறையும், நான் எல்லா பழைய வண்டிலயும் முதல்ல போடறது இதத்தான். ரெண்டாவது, ஸ்பார்க்குக்கு ஹை வோல்டேஜ் குடுக்கற காயிலுக்கு போற வெள்ளை ஒயர நடுவுல கட் பண்ணி ஒரு மறைவான சுவிட்ச். இது எனக்கு ரொம்ப பிடிச்ச வழி, ஏன்னா செல்ஃப் சுத்தும், லைட் எரியும், ஆனா ஸ்டார்ட் ஆகாது, திருடன் இது ஏதோ ரிப்பேர் வண்டின்னு நெனச்சு திட்டிட்டு போயிடுவான், பழைய பிரிட்டிஷ் வண்டிங்களுக்கு இருக்கற பேரு அப்படி. சில பேரு ஒயர கட் பண்றதுக்கு பதிலா காயில்லேர்ந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு போற பாயிண்ட்ஸ் ஒயர பாடியோட சேத்து எர்த் பண்ணி விடறாங்க, அது வேணாம், இக்னிஷன் ஆன்ல கிடந்தா காயில் சூடாகி செத்துடும். மூணாவது பெட்ரோல் பம்ப். எம்ஜிபில எஸ்யூ கம்பெனி எலக்ட்ரிக் பம்ப் பின்னாடி இருக்கும், அதோட ஒயர்ல சுவிட்ச் போடலாம். ஆனா கார்புரேட்டர் கிண்ணத்துல மிச்சம் இருக்கற பெட்ரோல்ல கொஞ்ச தூரம் ஓடிட்டு நடு ரோட்ல நிக்கும், பின்னாடி லாரி வந்தா என்ன ஆகும்னு யோசிங்க. அதனால இத தனியா நம்பாதீங்க.

காசே செலவில்லாத வழி ஒண்ணு இருக்கு. ஸ்பார்க் பிளக்குக்கெல்லாம் கரண்ட பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டரோட மூடிய திறந்து உள்ள இருக்கற ரோட்டார் ஆர்ம எடுத்து பாக்கெட்ல போட்டுக்கறது. கட்டைவிரல் சைஸ்தான் இருக்கும். 1940-ல ஜெர்மன்காரன் வந்து எறங்கிடுவான்னு பயந்த பிரிட்டன்ல, நிறுத்திட்டு போற காரை ஓட்ட முடியாதபடி பண்ணி வைக்கணும்னு ஆர்டரே போட்டாங்க, அப்ப ஜனங்க கழட்டுனது இந்த டிஸ்ட்ரிபியூட்டர் சாமானத்தான். ஒரே கஷ்டம், அந்த சட்டைய அப்படியே துவைக்க போட்டுடாதீங்க, நான் ஒருதடவ வாஷிங் மெஷின்ல போட்டு எடுத்திருக்கேன்.

எல்லாம் பண்ணாலும் ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. ரெக்கவரி வண்டில ஏத்திட்டு போறவனுக்கு கில் சுவிட்ச் ஒரு பொருட்டே இல்ல. ராத்திரி நிக்கற இடத்துல தரைல ஒரு கொக்கி பதிச்சு, பின் ஆக்சில் வழியா தடிமனான செயின் போட்டு கட்டுங்க. ஒயர் வீல், அதாவது கம்பி ஆரம் வச்ச சக்கரம் இருக்கற வண்டின்னா, சக்கரத்துல மட்டும் கட்டாதீங்க, நடுவுல இருக்கற காது வச்ச நட்ட சுத்தியலால நாலு தட்டு தட்டினா சக்கரம் கையோட வந்துடும்.

வில்லிஸ் ஜீப்புக்கு சாவியே இல்லையே, என்ன பண்றது? – கோத்தகிரி

ரெண்டாம் உலக யுத்தத்தோட பிற்பகுதில வந்த வில்லிஸ்ல இக்னிஷன் வெறும் ஒரு லிவர்தான், திருப்பிட்டு கால்ல ஸ்டார்ட்டர அமுக்க வேண்டியது. சண்டைல சாவிய எவன் தேடிட்டு இருப்பான்னு விட்டுட்டாங்க போல. அந்த லிவர மாத்தி சாவி போட்ட சுவிட்ச் வைக்காதீங்க, ஒரிஜினல் சாமான் போச்சுன்னா மதிப்பும் போச்சு. பேட்டரி ஐசொலேட்டர்ல கழட்டுற குமிழ் வச்சது கிடைக்கும், அதான் இனிமே உங்க சாவி. ஸ்டீயரிங்கயும் கிளட்ச் பெடலயும் சேத்து பிடிக்கிற கம்பிப் பூட்டு ஒண்ணு போடுங்க. ஜெரிகேன், மண்வெட்டி, கோடாலி இதெல்லாம் காட்சிக்கு போகும்போது மட்டும் மாட்டுனா போதும். ஒங்க ஊர்ல மனுஷன விட குரங்குதான் பெரிய ஆபத்து, தின்பண்ட வாசனை வந்தா டாப்ப பிச்சிடும், ஒரு கடலை மிட்டாய் கூட உள்ள விடாதீங்க.

ஜிபிஎஸ் டிராக்கர் போட்டேன், ரெண்டு நிமிஷத்துல புகை வந்துடுச்சு. – மதுரை

வண்டி பாசிட்டிவ் எர்த்தா இருக்கும். 60-கள் வரைக்கும் வந்த பிரிட்டிஷ் வண்டிங்க நிறைய அப்படித்தான், பாடில பாசிட்டிவ், ஒயர்ல நெகட்டிவ். எம்ஜிபியே 1967 கடைசிலதான் மாறுச்சு. ஆக்சஸரீஸ் கடைப் பையன் வழக்கம் போல கருப்பு ஒயர பாடில முறுக்கிருப்பான், வேலை முடிஞ்சது. டிராக்கரோட சிவப்பு பாடிக்கு, கருப்பு ஒரு சின்ன ஃபியூஸ் வழியா பேட்டரி நெகட்டிவுக்கு போகணும், டிராக்கரோட மெட்டல் டப்பா எங்கயும் பாடில படக் கூடாது.

இன்னொரு கணக்கும் போட்டுக்கோங்க. 20 மில்லி ஆம்பியர் இழுத்தாலே ஒரு நாளைக்கு அரை ஆம்பியர் அவர், ஒரு மாசம் ஓட்டாம நின்னா 14, 15 போயிடும், பழைய பேட்டரின்னா அவ்ளோதான். ஐசொலேட்டர ஆஃப் பண்ணா டிராக்கரும் சேந்து செத்துடும்ங்கறதையும் மறக்காதீங்க, அதனால உள்ள தனி பேட்டரி வச்ச டிராக்கரா பாத்து வாங்குங்க.

வீட்டு முன்னாடி டிரைவ்வேல எம்ஜிபி நிக்குது, இங்க என்ன செய்யலாம்? – ஹாரோ, லண்டன்

எதையும் வாங்குறதுக்கு முன்னாடி இன்ஷூரன்ஸ்காரனுக்கு போன் போடுங்க. அங்க தாட்சம்ங்கற சோதனை அமைப்போட சர்டிஃபிகேட் இருக்கற இம்மொபிலைசர் (வண்டிய ஸ்டார்ட் ஆக விடாத கருவி), எஸ்5, எஸ்7 தர டிராக்கர்னு வகை வகையா இருக்கு, எத மாட்டுனா பிரீமியம் குறையும்னு அவங்கதான் சொல்லணும். எவ்ளோ தருவாங்கன்னு முன்னாடியே பேசி முடிக்கற அக்ரீட் வேல்யூ பாலிசிதான் எடுக்கணும், சாதா மார்க்கெட் வேல்யூல எடுத்தீங்கன்னா அப்பறம் அழுவீங்க. டிரைவ்வேல மடக்குற இரும்புத் தூண் ஒண்ணு பதிச்சிடுங்க. வி5சிய, அதாவது அங்க வண்டியோட ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பர, காருக்குள்ள வைக்காதீங்க.

போன தீபாவளிக்கு ராக்கெட் விழுந்து ஹுட்ல ஓட்டை. பசங்க காசால கதவுல கோடு வேற போட்டுட்டாங்க. – திருச்சி

ஓட்டைய டேப் போட்டு ஒட்டுனீங்களா? ஒட்டிருந்தா வெயில்ல கம் உருகி ரெக்சின்ல இறங்கியிருக்கும், அது போகவே போகாது. உள்பக்கமா அதே துணில ஒரு ஒட்டு வச்சு கையால தைக்கச் சொல்லுங்க, தீஞ்ச ஓரத்த மட்டும் வட்டமா வெட்டிட்டு. கோட்டுக்கு நகத்த வச்சு பாருங்க, நகம் மாட்டலன்னா பாலிஷ்ல போயிடும், மாட்டுச்சுன்னா பெயிண்டர்தான். மொத்த கதவையும் அடிக்கணும்பாரு, ஒத்துக்காதீங்க, டச்சப் பண்ற ஆள தேடுங்க.

கவர் போடலாமான்னும் கேட்டிருந்தீங்க. போடலாம், ஆனா மட்டமா, பழசா தெரியற கவரா இருக்கட்டும். வண்டி பேர் அச்சடிச்ச பளபள கவர் போட்டா நீங்களே விளம்பரம் பண்ற மாதிரி. தூசியோட போட்டா காத்துல ஆடி ஆடி உப்புத்தாள் வேலை பாக்கும். ஹுட் ஈரமா இருக்கும்போது போடவும் கூடாது, ஈர ஹுட்ட மடக்கவும் கூடாது, கருப்பு கருப்பா பூஞ்சை வந்துடும். தீபாவளிக்கு மட்டும் மூணு நாள் யார் வீட்டு ஷெட்லயாவது விட்டுடுங்க, கவரும் எரியும்.

திருடு போனா முதல்ல என்ன செய்யணும்? காசு எவ்ளோ வரும்? – சேலம்

ஸ்டேஷன்ல எஃப்ஐஆர், அன்னைக்கே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு தகவல், அப்பறம் ஆர்டிஓவுக்கு லெட்டர். ஐபிசிக்கு பதிலா பிஎன்எஸ் சட்டம் வந்ததுக்கப்பறம் திருட்டு 303-வது பிரிவு, சொத்த சேதப்படுத்துறது 324, கிழிச்சுட்டு போன கேசுக்கும் கம்ப்ளெயிண்ட் குடுக்கலாம், குடுங்க. வண்டி கிடைக்கலன்னு போலீஸ் குடுக்கற சர்டிஃபிகேட் வந்தாதான் கிளெய்ம் நகரும், ரெண்டு சாவியும் கேப்பாங்க.

காசு விஷயத்துல நிறைய பேரு ஏமாறுறாங்க. அஞ்சு வருஷத்துக்கு மேல ஆன வண்டிக்கு ஐடிவி, அதாவது வண்டி போனா கிடைக்கற தொகை, நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கற தொகைதான். ஏஜெண்ட் போன வருஷ நம்பர்லேர்ந்து கொஞ்சம் குறைச்சு போட்டுட்டே வருவாரு, பிரீமியம் கம்மின்னு நீங்களும் சந்தோஷப்படுவீங்க, பத்து லட்சம் வண்டிக்கு நாப்பதாயிரம்னு பேப்பர்ல நிக்கும். ரெனியூவலுக்கு முன்னாடி ஒரு வேல்யுவேஷன் ரிப்போர்ட் வாங்கி நீட்டுங்க. "விண்டேஜ்"ங்கற வார்த்தைய நம்பி இருக்காதீங்க, இன்ஷூரன்ஸ்காரங்களோட மோட்டார் டாரிஃப்ல அது 1940 முடியறதுக்குள்ள தயாரிச்ச வண்டி, 2021-ல வந்த ரெஜிஸ்ட்ரேஷன் ரூல்ல 50 வருஷம் தாண்டின வண்டி, ரெண்டும் வேற வேற.

இன்னைக்கே ஒண்ணு பண்ணுங்க. சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், உங்க வண்டில மட்டும் இருக்கற தழும்பு, தையல், பெயிண்ட் சொட்டு எல்லாத்தையும் போட்டோ எடுத்து வைங்க. சேஸிஸ் நம்பர் போட்டு ரிவெட் அடிச்ச தகடு அஞ்சு நிமிஷத்துல வேற வண்டிக்கு போயிடும். சீட்டுக்கு அடில, டேஷ் பின்னாடி, யாரும் பாக்காத ரெண்டு இடத்துல அதே நம்பர பஞ்ச் பண்ணி வச்சுக்கோங்க.

கல்யாணத்துக்கு வண்டி கேக்குறாங்க. குடுக்கலாமா? – மயிலாப்பூர்

ஜானவாசத்துக்குத்தானே. சொந்தக்காரன்னா மறுக்க முடியாது, தெரியும். நான் பாத்த வரைக்கும் திருடன் பண்ணுன சேதத்த விட மாப்பிள்ளை அழைப்புல ஆன சேதம்தான் ஜாஸ்தி. பூக்காரர் செல்லோ டேப்ப நேரா பானட்ல ஒட்டுவாரு, உரிக்கும்போது பழைய டியூகோ பெயிண்ட் தோலோட வரும். மாலை கட்டுன கம்பி கதவெல்லாம் கோடு போடும். ஸ்நோ ஸ்ப்ரே அடிச்சு விட்டு காய விட்டா கறை நிக்கும், உடனே தண்ணி ஊத்தி கழுவணும். மடக்கி வச்ச ஹுட் மேலதான் மாப்பிள்ளைய உக்கார வைப்பாங்க, எல்லாருக்கும் தெரியணுமாம், ஒருதடவ எண்பது கிலோ மாப்பிள்ளை உக்காந்து ஃபிரேம் வளைஞ்சு, அந்த ஹுட் அப்பறம் மேல ஏறவே இல்ல.

குடுங்க, ஆனா ஓட்டுறது நீங்க, சாவி உங்க இடுப்புல. பானட்ல ஒரு காட்டன் வேட்டிய விரிச்சு அதுமேல பூ, கட்டுறதுக்கு நூல் மட்டும். கார் முன்னாடி இருக்கற சின்னத்தையும் வீல் கேப்பையும் முதல் நாளே கழட்டி வீட்ல வச்சிடுங்க, கூட்டத்துல அதுக்கு கால் முளைச்சிடும். மண்டபத்து வாசல்ல ஒரு ஆள் "சார் இங்க நிறுத்துங்க, நடுவுல கரெக்டா இருக்கும்"னு கைய காட்டுவாரு. அங்க நிறுத்தாதீங்க, பத்தாயிரம் வாலாவ அங்கதான் விரிப்பாங்க.