லேப்டாப்பின் பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் விண்டோஸையும் ஃபைல்களையும் அப்படியே கொண்டுவர முடியுமா?

முடியும். 'குளோன்' செய்தால், அதாவது டிஸ்கை முழுவதுமாக நகலெடுத்தால், விண்டோஸ், மென்பொருள்கள், ஃபைல்கள் எல்லாம் பழையபடியே புதிய டிஸ்கில் வந்துவிடும்.

வாங்கும் முன் உங்கள் மாடலில் எது பொருந்தும் என்று பாருங்கள். ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் 2.5 அங்குல சாட்டா (டிஸ்கை இணைக்கும் பழைய முறை) எஸ்எஸ்டி பொருந்தும். எம்.2 ஸ்லாட் (மெல்லிய அட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான இடம்) இருந்தால் அது சாட்டாவா என்விஎம்இயா (வேகமான புதிய முறை) என்பதையும் கவனியுங்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் மாற்றிப் போட்டால் வேலை செய்யாமல் போகலாம். புதிய டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, நிரம்பியிருக்கும் அளவு அதில் அடங்க வேண்டும். ஆனால் குளோன்சில்லா போன்ற சில குளோன் கருவிகள் சிறிய டிஸ்குக்கு நேரடியாக மாற்றாது.

முக்கியமானவற்றை முதலில் வேறொரு டிஸ்கில் நகலெடுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு வசதி) இயங்கினால் அதன் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரை நிறுத்திவையுங்கள். அப்புறம் எஸ்எஸ்டியை யூஎஸ்பி அடாப்டர் வழியாக இணைத்து குளோன் மென்பொருளை ஓட்டலாம். எது மூலம், எது இலக்கு என்று இரண்டு முறை பாருங்கள். தலைகீழாகத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் போச்சு!

முடிந்ததும் லேப்டாப்பை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு டிஸ்கை மாற்றுங்கள். பெரிய டிஸ்கில் மிச்ச இடம் ஒதுக்கப்படாமல் கிடந்தால் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' மூலம் சி டிரைவை நீட்டலாம். நடுவே விண்டோஸின் மீட்புப் பகுதி (பழுதுபார்க்க ஒதுக்கிய இடம்) இருந்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட் மறுக்கும், டிஸ்கின் பகுதிகளை மாற்றியமைக்கும் வேறு பார்ட்டிஷன் மென்பொருள் தேவைப்படும்.

விண்டோஸ் ஏற்கனவே தடுமாறுகிறது என்றால் குளோன் வேண்டாம், அந்தக் குப்பையும் கூடவே வரும். புதிதாக நிறுவி ஃபைல்களை மட்டும் மாற்றுவதே என் தேர்வு. எப்படிச் செய்தாலும் பழைய டிஸ்கைச் சில வாரங்களுக்கு அழிக்காதீர்கள்.