கேளுங்க சொல்றேன்: பழைய ஆட்டோமேட்டிக், பின்னால ஒரு கார்

கேள்வி: அண்ணே, நான் டர்பன் சாட்ஸ்வொர்த். மகளுக்கு ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) கிட்ட பெனோனி பக்கம் வேலை கெடச்சு போயிட்டா, அவளோட பழைய மேனுவல் கொரோல்லா இங்கயே நிக்குது. என்கிட்ட 2006 டொயோட்டா பிராடோ, நாலு லிட்டர் வி6 பெட்ரோல், ஆட்டோமேட்டிக், 2,80,000 கிலோமீட்டர் ஓடினது. கார் ட்ரெய்லர் ஒண்ணு வாடகைக்கு எடுத்து நானே இழுத்துட்டு போலாம்னு பாக்குறேன். மச்சான் வேணாங்குறான், கியர்பாக்ஸ் போயிடுமாம். நிஜமா?

பதில்: தம்பி, மச்சான் சொல்றதுல விஷயம் இருக்கு. இஞ்சின பத்தி கவலப்படாதீங்க, அது இழுத்துரும். கொரோல்லா ஆயிரத்து நூறு கிலோ பக்கம், வெறும் ட்ரெய்லரே அறுநூறு எழுநூறு வரும், ஆக மொத்தம் 1,800 கிலோன்னு வச்சுக்கங்க. உங்க வண்டி எவ்ளோ இழுக்கலாம்னு ஹேண்ட்புக்ல போட்டிருக்கும், டோபார் (வண்டி பின்னால ட்ரெய்லர் மாட்டுற கம்பி) தகட்டுலயும் ஒரு நம்பர் இருக்கும், ரெண்டுல எது கம்மியோ அதத்தான் எடுத்துக்கணும்.

கவலப்பட வேண்டியது கியர்பாக்ஸ் ஆயில பத்தி. ஆட்டோமேட்டிக்ல இஞ்சினுக்கும் கியருக்கும் நடுவுல டார்க் கன்வர்ட்டர்னு ஒண்ணு இருக்கு, அது ஆயில் வழியாத்தான் சக்திய கடத்துது. சமதளத்துல ஓடும்போது உள்ள ஒரு கிளட்ச் பூட்டிக்கும், சூடு கம்மி. மேட்டுல பாரம் ஏறினா அது விட்டுடும், உடனே ஆயில் உள்ள சுத்தி சுத்தி கொதிக்கும். 80, 90 டிகிரியில ஓட வேண்டிய ஆயில் 120ஐ தாண்டி நின்னா சீக்கிரமே கெட்டுப்போகும்.

இப்ப உங்க ரூட்ட பாருங்க. டர்பன் கடல் மட்டம், ஜோபர்க் 1,700 மீட்டருக்கு மேல, அதாவது ட்ரெய்லரோட ஏறுற திசையிலயே போறீங்க. வழியில பெரிய மேடுங்க மூணு: கீ ரிட்ஜ், அப்புறம் மாரிட்ஸ்பர்க் தாண்டினதும் டவுன் ஹில், கடைசில வான் ரீனன் மலைப்பாதை. மேல போகப் போக காத்து மெலிசாகும், டர்போ இல்லாத பெட்ரோல் இஞ்சினுக்கு ஆயிரம் மீட்டருக்கு சுமார் பத்து சதவீதம் பவர் கொறையும், நீங்க மிதிப்பீங்க, கியர்பாக்ஸ் நாலா அஞ்சான்னு மாத்தி மாத்தி தேடிக்கிட்டே இருக்கும். அந்தத் தேடல்தான் ஆயில கொல்லும். அதனால லீவர 'D'-லயே விடாதீங்க, மேடு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அத கீழ இழுத்து நாலுலயோ மூணுலயோ பூட்டுங்க. ஆர்பிஎம் ஏறி சத்தம் போடும், போடட்டும். லாரிக்கு பின்னால 60ல போறது ஒண்ணும் மானக்கேடு இல்ல.

என் கதைய சொல்றேன். பல வருஷத்துக்கு முந்தி ஒரு பழைய ஆட்டோமேட்டிக்ல ட்ரெய்லர் மாட்டி வான் ரீனன் ஏறுனேன், பாதி மேட்டுல கருகின வாசனை. கரும்புத் தோட்ட ஊரு டோங்காட்ல வளந்தவன்ல, எங்கயோ கரும்பு கொளுத்துறாங்கன்னு ஜன்னல ஏத்திக்கிட்டு போயிட்டே இருந்தேன். அப்புறந்தான் தோணுச்சு, வான் ரீனன்ல ஏதுடா கரும்பு! நிறுத்தி டிப்ஸ்டிக்க துணில தொடச்சேன், செவப்பா இருக்க வேண்டிய ஆயில் காப்பி டிகாஷன் மாதிரி இருந்துச்சு.

கெளம்புறதுக்கு ரெண்டு வாரம் முந்தியே கியர்பாக்ஸ் ஆயில எறக்கி புதுசு ஊத்துங்க. 2,80,000 ஓடின பெட்டிய மெஷின் வச்சு பிரஷர்ல அலசுறேன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன், எறக்கி ஊத்தி, கொஞ்சம் ஓட்டிட்டு மறுபடி எறக்கி ஊத்துறது போதும். ரேடியேட்டருக்கு முன்னால தனியா ஒரு ஆயில் கூலர் போட்டா இன்னும் நல்லது. ரேடியேட்டர் ஒரிஜினலா இருந்தா மாத்திடுங்க, ஏன்னா கியர் ஆயில் ஆறுறது அதோட உள்தொட்டியிலதான், அது உள்ளுக்குள்ள ஓட்டையானா கூலண்ட்டும் ஆயிலும் கலந்து ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் கலர்ல வரும், பெட்டி காலி.

ட்ரெய்லர் பிரேக் உள்ளதா இருக்கணும், அந்த எடைக்கு அது சட்டம். டயர் ஓரத்துல நாலு நம்பர் பாருங்க, 2219னா 2019ல 22வது வாரம் செஞ்சது, வாடகை ட்ரெய்லர் டயர் தேயாமலே கெழடு தட்டி வெடிக்கும். காரை ஏத்தறப்போ இஞ்சின் முன்பக்கம், மொத்த எடையில பத்துல ஒரு பங்கு டோபால் (டோபார்ல ட்ரெய்லர் மாட்டுற உருண்டை) மேல உக்காரணும். பின்னால பாரம் கூடினா ஹாரிஸ்மித் காத்துல ட்ரெய்லர் வால் ஆட்டும். ஆட்டினா ஆக்ஸிலரேட்டர்ல இருந்து கால எடுங்க, ஸ்டீரிங்க நேரா புடிங்க, பிரேக்க ஓங்கி மிதிக்காதீங்க.

விடியறதுக்கு முன்னாடி கெளம்புங்க. மூய் ரிவர்ல நிறுத்தி ட்ரெய்லர் சக்கரத்து நடுவுல கைய கிட்ட கொண்டு போய் பாருங்க, வெதுவெதுப்பா இருந்தா சரி, ஒண்ணு மட்டும் சுட்டா பேரிங் போகுது. அந்தக் கைய தொடச்சிட்டு புளிசாதப் பொட்டலத்த பிரிங்க!

இவ்ளோ செலவும் கணக்கு போட்டு பாருங்க. சும்மா ஓடுற கொரோல்லாதான, மச்சான ஓட்ட வச்சு பின்னாலயே வரச் சொன்னா பெட்ரோல் காசோட முடிஞ்சிரும். நானா இருந்தா அதான் செய்வேன்.

கேள்வி: ட்ரெய்லர் இழுக்க சாதாரண கோட் பி கார் லைசென்ஸ் போதுமா அண்ணே? (லெனேசியா வாசகர்)

பதில்: ட்ரெய்லரோட ஜிவிஎம் (பாரத்தோட சேத்து அனுமதிச்ச மொத்த எடை) 750 கிலோ வரைக்கும் போதும். அதுக்கு மேலன்னா ஈபி லைசென்ஸ் வேணும். காரை ஏத்துற ட்ரெய்லர் எல்லாமே மேலதான்.

கேள்வி: என் ஆட்டோமேட்டிக் கார் நின்னு போச்சு. அண்ணன் பக்கில (பிக்கப் வண்டில) கயிறு கட்டி பீனிக்ஸ்ல இருந்து டோங்காட் இழுக்கலாமா?

பதில்: வேணாம்மா. கயிறு மூணரை மீட்டருக்கு மேல இருக்கக்கூடாது, 30 கிலோமீட்டர் வேகத்த தாண்டக்கூடாதுங்கறது ஒருபக்கம். ஆட்டோமேட்டிக்ல ஆயில் பம்ப் இஞ்சினோட சேந்துதான் சுத்தும், இஞ்சின் நின்னுபோய் சக்கரம் மட்டும் உருண்டா உள்ள ஆயில் இல்லாம ஒரசும். போதாததுக்கு பிரேக்கும் ஸ்டீரிங்கும் கல்லாட்டம் இறுகிடும். ஃப்ளாட்பெட்டுக்கு ஃபோன் போடுங்க, அண்ணன பின்னால டீயோட வரச் சொல்லுங்க.